சுவரில் மாட்டிய வாக்குத்தத்தம்

சகோதர சகோதரிகளே, மேடையில் நின்று சாட்சி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் வீட்டில் இருக்கிற இரண்டு வேத பண்டிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சண்டை விலக்கித்தான் பழக்கம். ஆனாலும் போன வருடம் ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். அதனால் சொல்கிறேன்.

போன வருடம் அக்டோபர் மாதம். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் எப்போது விழும் என்று தெரியாத நிலையில் நான் அந்த வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த என் மகள் பெனிட்டா தலைப்பிரசவத்துக்கு அந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். "காலி பண்ணிட்டு வேற இடத்துக்குப் போங்க" என்று தெருவே சொன்னது. என் வீட்டுக்காரர் ஜெயசிங் மட்டும் அசையவில்லை. "இங்கேயே இருன்னு ஆண்டவர் எனக்கு வசனம் கொடுத்திருக்கார்" என்றார். கடன்காரனோடு பேசலாம், வக்கீலோடு பேசலாம். வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரோடு என்ன பேசுவது? நான் தவித்துப் போனேன்.

எல்லாம் ஆரம்பித்தது ஜனவரியில். எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். பல சபைகளில் இருக்கிற வழக்கம்தான். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத் தலைவர் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்பார். அதில் அச்சடித்திருக்கிற வசனம்தான் அந்த வருடம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவர் தரும் வார்த்தை. அந்த முறை எங்களுக்கு வந்தது, ஆதியாகமத்தில் பஞ்ச காலத்தில் ஈசாக்குக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. எகிப்துக்குப் போகாதே, இந்தத் தேசத்திலேயே குடியிரு, நான் உன்னோடு இருந்து ஆசீர்வதிப்பேன் என்று வருமே, அது. என் வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆவடியில் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பருத்திப்பட்டில் அந்த வீட்டைச் செங்கல் செங்கலாகப் பக்கத்தில் நின்று கட்டினவர். அட்டைக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

அன்றைக்கு மத்தியானம் பிரியாணி சாப்பிட மகளும் மருமகனும் மாங்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். மருமகன் ஜான்சன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கமான பிள்ளை. ஆனால் வேத ஆராய்ச்சி என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். மாமனாரும் மருமகனும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆறிப்போகும். முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா, தசமபாகம் கட்டாயமா இல்லையா என்று கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடுவார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் அப்படி இல்லை.

ஜான்சன் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "கண்ண மூடிட்டு ஒரு அட்டைய எடுத்து, அதுல வந்ததுதான் என் வருஷம்னு சொன்னா, கோயில் வாசல்ல கிளி எடுக்கிற சீட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்கப்புறம் மருமகன் வருவது குறைந்தது. வந்தாலும் கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஜூன் மாதம் பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்ட வந்தார்கள். கார் நிறுத்த நிலத்துக்கடியில் இடம் வேண்டுமாம். மண் அள்ளும் இயந்திரம் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை தோண்டும். எங்கள் வீட்டை ஒட்டியே பள்ளம் போனது. கூடத்துச் சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் வந்தது. இவர் சிமெண்ட் வைத்துப் பூசினார். பூசின இடமே மறுபடி பிளந்தது. திரும்பப் பூசினார். ஒருநாள் பார்த்தால் வாக்குத்தத்தச் சட்டத்தைக் கழற்றி, விரிசல் மறைகிற மாதிரி அதன்மேல் மாட்டியிருந்தார்.

கட்டுகிறவர்களிடம் போய்ச் சண்டை போட்டோம். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது. அடுத்த தெரு முனுசாமி அண்ணன் பால் ஊற்ற வருகிறவர். அந்தப் பக்கம் தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம், இப்போது மாடும் வாடகை வீடுமாக இருக்கிறார்கள். ஒருநாள் உள்ளே வந்து சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, செவுரு வாயத் தொறந்துகினு கீது. சார் இன்னா சொல்றாரு?"

"ஆண்டவர் பார்த்துப்பார்ங்கிறார்."

"சாமி பாத்துக்கும், வாஸ்தவந்தான். அதுக்குன்னு நீங்க கீழயே குந்திகினு இர்க்கணுமா? எங்க ஊட்டாண்ட கீழ் போர்ஷன் காலியாத்தான் கீது. பொண்ணு வேற மாசமா கீது. சார் ஒரு வார்த்த சொல்லட்டும், சாவியக் குட்த்துடறேன்."

சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டே சட்டத்தை நேராக்கி மாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜான்சன் தனியாக வந்தார். விரிசலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "மாமா, அந்த வசனம் ஈசாக்குக்குச் சொன்னது. பஞ்சத்துல எகிப்துக்கு ஓடாதேன்னு சொன்னது. விழப்போற சுவருக்குக் கீழ இருன்னு உங்களுக்குச் சொன்னதில்ல. யாருக்கு, எப்போ, எதுக்குச் சொன்னதுன்னு பார்க்காம வசனத்தை எடுக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "அப்ப வேதத்துல எனக்குன்னு எதுவுமே இல்லையா மாப்பிள்ளை? எல்லாமே செத்துப்போனவங்களுக்குச் சொன்னதா? எங்கம்மா போனப்ப எனக்கு அஞ்சு வயசு. அன்னையிலேர்ந்து என்னைத் தூக்கி வளத்தது யாருக்கோ சொன்ன வசனந்தான். அதெல்லாம் கிளி ஜோசியமா?"

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு பேர் பேச்சும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. மருமகன் போகும்போது வாசலில் நின்று, "அத்தை, பெனிட்டாவை இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவருக்கும் அந்தச் சுவரைப் பார்த்துப் பயம் இருந்தது. நாற்காலியை மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டிருந்தாரே, நான் பார்க்கவில்லையா? ஆனால் வீட்டை விட்டு இறங்கினால் மருமகன் சொன்னது ஜெயித்துவிடும். கிளி ஜோசியம் என்ற பேச்சு உண்மையாகிவிடும். தாயில்லாமல் வளர்ந்த மனுஷன் பிடித்துக்கொண்டு வந்த ஒரே கையை விட்ட மாதிரி ஆகிவிடும். இதை நான் எடுத்துச் சொன்னால் கேட்பாரா? மகள் ஃபோனில் அழுதாள். போதகரிடம் போனேன். நன்றாக ஜெபித்தார். "நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க ஐயா" என்றதும், "அண்ணன் என்னைவிட வேதம் தெரிஞ்சவராச்சேம்மா" என்று நழுவிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அடுப்படியில் முழங்கால் போட்டேன். பக்கத்தில் அந்த இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "ஆண்டவரே, யார் சரின்னு நான் கேக்கல. ரெண்டு பேரும் உம்முடைய வார்த்தையைத்தான் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. அது உம்முடைய வார்த்தை, நீரே விளக்கிச் சொல்லும். மனுஷர் யாரும் சொல்ல வேண்டாம். இவரைத் தலைகுனிய வைக்காம இந்த வீட்டை விட்டு வெளியே கூட்டிட்டுப் போம். என் பிள்ளை என்கிட்ட வரணும்." இவ்வளவுதான் ஜெபித்தேன். பெரிய ஜெபம் எல்லாம் வரவில்லை. எழுந்து ரசம் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பக்கத்து விசுவாசிகளின் வீட்டு ஜெபம். மாதம் ஒரு வீட்டில் நடக்கும், அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. வீட்டுக்காரர்தான் பிரசங்கச் செய்தி கொடுக்க வேண்டும். இவர் அந்த ஈசாக்கு அதிகாரத்தையே எடுத்துக்கொண்டார். மருமகனுக்குச் சபையார் முன்னால் பதில் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெனிட்டா, "அம்மா, எங்க வீட்டு ஜெபத்துக்கு நான் வராம யார் வருவா" என்று அடம்பிடித்துக் கிளம்பிவிட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தனியாக அனுப்ப முடியாமல் ஜான்சனும் வந்தார்.

நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். கேசரி மிஞ்சிப்போகுமே என்று நான் அந்த மழையைத் திட்டினேன். வந்தவர்களும் விரிசல் சுவரைப் பார்த்துவிட்டு எதிர்ச் சுவர் ஓரமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டத்துக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஜான்சன், அடுத்து பெனிட்டா, அடுப்படி வாசலில் நான்.

வீட்டு ஜெபத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்திக்கு முன்னால் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். இவர் முதல் வசனத்தை வாசித்தார். கொஞ்சம் தள்ளி கிரேஸ் சிஸ்டருக்கு அந்த வாக்குத்தத்த வசனமே வந்தது. "இன்னொரு தடவை வாசிங்க சிஸ்டர்" என்றார் இவர், மருமகன் பக்கம் திரும்பாமலே. சிஸ்டர் இன்னொரு தடவை வாசித்தார். சுற்று போய்க்கொண்டே இருந்தது. ஈசாக்கு விதைத்தார், நூறு மடங்கு விளைந்தது என்று வந்தபோது இவர் "ஸ்தோத்திரம்" என்றார்.

அந்தச் சுற்றின் கடைசியில் ஜான்சன் முறை வந்தது. அவர் வசனத்தைப் பார்த்துவிட்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். "வாசிங்க மாப்பிள்ளை" என்றார் இவர். ஜான்சன் மெதுவான குரலில் வாசித்தார். எங்களை விட்டுப் போய்விடு என்று அந்த நாட்டு ராஜா ஈசாக்கிடம் சொன்ன இடம் அது. அதற்கு அடுத்த வசனம் இவருக்கு. ஈசாக்கு அந்த இடத்தை விட்டுப் புறப்பட்டுப் போய், பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுக் குடியிருந்தார் என்கிற வசனம்.

இவர் வாசித்தார். வாசித்து முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை. எத்தனையோ முறை படித்த அதிகாரம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் வாயால் அதைச் சொல்லும்படி ஆனது அன்றைக்குத்தான். அடுத்தவர் வாசிக்கலாமா என்று காத்துக்கொண்டிருந்தார். "போங்க" என்று இவர் கையைக் காட்டினார்.

ஈசாக்கின் ஆட்கள் ஒரு கிணறு தோண்டினார்கள், அதற்குச் சண்டை வந்தது. இன்னொன்று தோண்டினார்கள், அதற்கும் சண்டை வந்தது. என் முறை வந்தது. அவர் அங்கிருந்தும் பெயர்ந்து போய் வேறொரு கிணறு வெட்டினார், அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை, ஆண்டவர் எங்களுக்கு இடம் உண்டாக்கினார் என்று அதற்குப் பெயர் வைத்தார். எனக்கு அடுத்து பெனிட்டா. அங்கிருந்தும் புறப்பட்டுப் போனார் என்று அவள் வாசித்தாள்.

மறுபடி ஜான்சன். ஈசாக்கு அத்தனை முறை இடம் மாறினபிறகு, அன்று இரவே ஆண்டவர் அவருக்குத் தரிசனமாகி, பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன், உன்னை ஆசீர்வதிப்பேன் என்று சொல்லுகிற வசனம். எங்கள் அட்டையில் இருந்த அதே வாக்கு. குடியிருந்தபோது சொன்னதை, பெயர்ந்து போனபிறகும் சொன்னார். கிளி ஜோசியம் என்று சொன்ன வாய் அதைப் பாதி வாசித்தது, அப்புறம் நின்றுவிட்டது. இவர் கையை நீட்டி மருமகன் முதுகைத் தட்டினார். ஜான்சன் மீதியையும் வாசித்து முடித்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று தன் வசனத்தை வாசித்தார். ஈசாக்கு அங்கே பலிபீடம் கட்டி, கூடாரத்தையும் அங்கேயே போட்டார். வேதத்தை மூடினார். எல்லோரும் செய்திக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்குச் செய்தி இவ்வளவுதான்" என்றார். "நாளைக்குக் காலையில சாமான் ஏத்தணும். வர முடிஞ்சவங்க வாங்க."

கிரேஸ் சிஸ்டர் அழ ஆரம்பித்தார். நான் கேசரியைக் கொண்டுவரும் சாக்கில் அடுப்படிக்குள் போய் அழுதேன். ஜான்சன் அங்கேயே வந்து, "அத்தை, நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "அதை உங்க மாமாகிட்டச் சொல்லுங்க" என்றேன். "சொல்லிட்டேன். முதல்ல கேசரி எடுத்துட்டு வாங்கங்கிறார்" என்றார்.

மறுநாள் ஜெபக் கூட்டமே மூட்டை தூக்கியது. முனுசாமி அண்ணன் டிராக்டர் கொண்டுவந்தார். "இன்னா சார், சாமி உத்தரவு குட்த்துச்சா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "முன்னாடியே குடுத்திருக்குப்பா. நாந்தான் பாதியிலயே வாசிக்கிறதை நிறுத்திட்டேன்" என்றார். கடைசியாக அந்தச் சட்டத்தைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்த வெடிப்பில் உள்ளங்கையே நுழையும்போல இருந்தது. அதைப் பார்த்து அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜான்சன்தான் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த புதன்கிழமை காலை, விடாமல் பெய்த மழையில் அந்தச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. கூரையில் ஒரு பகுதியும் சேர்ந்து இறங்கியது. நாங்கள் முனுசாமி அண்ணன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பெனிட்டாவுக்குக் கட்டில் போடுவதற்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த மூலையில் செங்கல் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. நான் அந்த ஈரத்திலேயே முழங்கால் போட்டேன். வேறென்ன செய்ய? என் பிள்ளை அங்கே இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே இல்லை. ஒரு எறும்புக்கும் சேதம் இல்லை.

பெனிட்டா பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். அந்தக் கீழ் போர்ஷனுக்குத்தான் வந்தாள். டிசம்பரில் பெண் குழந்தை, சுகப்பிரசவம். முனுசாமி அண்ணன் வீட்டம்மா பத்தியச் சமையலுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தார்கள், மருந்துக் குழம்பு எப்படி வைப்பது என்று எனக்கும் அவர்களுக்கும் தினமும் தர்க்கம். அந்தச் சண்டையை விலக்க யாரும் வரவில்லை.

கட்டுகிறவர்களோடு பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். கவலை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் இல்லை.

ஜான்சனிடம் ஒருநாள் கேட்டேன். "மழை பெய்யாம இன்னும் ஒரே ஒரு ஆள் கூட வந்திருந்தா, அந்த வசனம் உங்க மாமாவுக்கு வந்திருக்காது, வேற யாருக்கோ போயிருக்கும். யோசிச்சீங்களா?"

"அது வெறும் கணக்கு அத்தை" என்றார்.

"கணக்குதான். யார் போட்ட கணக்கு?"

தலையைச் சொறிந்துகொண்டார். அவர் இன்னும் அட்டை எடுப்பதை ஒத்துக்கொள்ளவில்லை. இவர் இன்னும் விடவில்லை. இந்தப் புத்தாண்டுக்கும் எடுத்தார். ஆனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அட்டையில் எந்த வசனம் வந்தாலும், அது இருக்கிற அதிகாரம் முழுவதையும் குடும்பமாகச் சுற்றி வாசித்துவிட்டுத்தான் சாப்பாடு. இந்த வருடம் பார்த்து வேதத்திலேயே நீளமான சங்கீதத்திலிருந்து வந்து தொலைத்தது. பிரியாணி மறுபடி ஆறிப்போனது. இவர் முறை வந்தபோது பேத்தி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அசைந்தால் எழுந்துவிடுவாள். "மாப்பிள்ளை, எனக்கும் சேத்து நீங்களே வாசிங்க" என்று கிசுகிசுத்தார். ஜான்சன் வாசித்தார். இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு வசனம் கொடுக்கப்பட்டிருக்கலாம். அது உங்களுக்குத்தானா என்று வீட்டில் தர்க்கம் நடக்கலாம். தர்க்கம் பண்ணுங்கள், தப்பில்லை. ஆனால் எதிரெதிராக உட்கார்ந்து பேசாமல், ஒரே வட்டமாக உட்கார்ந்து முழுவதையும் வாசியுங்கள். உங்களால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவரிடம் விட்டுவிடுங்கள். இருக்கச் சொன்னவர், எழுந்து போகும்போதும் கூட வருவார். எங்களோடு அவர் டிராக்டரில் வந்தார்.